அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, காப்பீட்டு அட்டை: முதல்ல எதைத் திருத்தணும்?

நாங்குநேரிக்காரன்:
வணக்கம். அடுத்த கிராம சபைக்கு மருத்துவம் பத்தி ஒரு தீர்மானம் எழுதணும். ஊர்ல ரெண்டு பேச்சு ஓடுது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்து அட்டைக்கான தொகையைக் கூட்டி, பாளையங்கோட்டையில இருக்க தனியார் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் அட்டைக்குள்ள கொண்டாரணும்னு ஒரு சாரார் சொல்லுதாவ. அந்தத் துட்டை ஹைகிரவுண்டுக்கும் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போடுங்கன்னு மத்தவங்க. நாடு முழுக்க ரெண்டும் கலந்துதான் ஓடுது. எங்க பிடிச்சுத் திருத்தினா இல்லாதப்பட்டவனுக்குச் செலவு குறையும்?

பாளை காப்பீடு:
அண்ணாச்சி, அட்டை எதுக்குத் துட்டு குடுக்குதுன்னு முதல்ல பாருங்க. 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், வருமான வரம்பு 2022-ல இருந்து வருஷம் 1,20,000 ரூபா. ஆனா ஒருசில பரிசோதனை தவிர அம்புட்டும் கட்டில்ல படுத்தாத்தான். மாசாமாசம் வாங்குற சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஓ.பி. (வெளிநோயாளி) பீஸ் எதுவும் அதுல வராது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14-ல மொத்த மருத்துவச் செலவுல 64.2 சதவீதம் மக்கள் கையில இருந்து போச்சு. 2021-22-ல அது 39.4. இப்பவும் அதுல பெரும்பங்கு மருந்துக்குத்தான். 5 லட்சத்தை 10 லட்சம் ஆக்கினாலும் மெடிக்கல் ஷாப் பில்லு ஒரு ரூபா குறையாது.

அடுத்தது பேக்கேஜ். பித்தப்பை ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை. 30 வயசு ஆள் வந்தா ஆஸ்பத்திரிக்கு மிஞ்சும். சுகரும் கிட்னிக் கோளாறும் சேர்ந்த 65 வயசுக்காரர் வந்தா கட்டுப்படியாகாது. அப்ப "பெட் இல்ல" ன்னு பதில் வரும், அந்த ஆள் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். சிரமமான கேஸ் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துட்டு, பொறவு அரசு ஆஸ்பத்திரியில சாவு அதிகம்னு பேசுறது நியாயமே இல்ல. வயசுக்கும் கூட இருக்க நோய்க்கும் தக்கபடி ரேட்டைப் பிரிக்கணும். சேர்க்க மாட்டோம்னா காரணத்தை எழுதிக் குடுக்கணும்னு கட்டாயமாக்கணும்.

கைத்துட்டு வாங்குற விஷயமும் உண்டு. "பணம் எதுவும் கட்டவில்லை" ன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கு வாங்கவேண்டிய கையெழுத்தை, சில இடத்துல அட்மிஷன் தாள் கட்டோட சேர்த்து முதல் நாளே வாங்கிருதாவ. வீட்டுக்குப் போன ஒரு வாரத்துல ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஆள் போன் போட்டுக் கேட்டாத்தான் உண்மை வரும். கேக்கக்கூடாத துட்டு கேட்டா அப்பவே 1800 425 3993-க்குக் கூப்பிடுங்க. ரசீது இல்லாம ஒரு பைசா குடுக்காதீங்க.

சேரன்மாதேவி பொதுசுகாதாரம்:
மேல சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா திருத்தம் தொடங்கவேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்தான். சமவெளியில 30,000 பேருக்கு ஒண்ணு, 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கிறது கணக்கு. அந்த 30,000 பேரும் "இது என் நிலையம்" னு பதிவு பண்ணியிருக்கணும், அந்தத் தலை எண்ணிக்கைக்குத் தக்க பணம் வரணும். தாய்லாந்துல 2002-ல இதைத்தான் செஞ்சாவ. ஓ.பி.க்கு ஆளுக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே பணம், உள்நோயாளிக்கு நோயின் கடுமையைப் பொறுத்து, அதுவும் மொத்த வரம்புக்குள்ள. அவசரம் தவிர, பதிவு பண்ணின இடத்துல சீட்டு வாங்கிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரி. இதுலயும் ஒரு ஆபத்து உண்டு. தலைக்குத் துட்டு முன்னாடியே வந்துட்டா, செலவைப் பாத்துட்டு மேல அனுப்பாம வச்சுக்கிடத் தோணும். அதனால 100 சுகர் நோயாளியில எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்குன்னு அளந்து, அதுக்கும் ஒரு பங்கு பணம் ஒதுக்கணும்.

மருந்து தீர்ந்துபோறது எப்படின்னு சொல்லுதேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் குடுக்கும். வருஷத்துக்கு இவ்வளவு ரூபா மருந்துன்னு வரம்பு, மாவட்டக் கிடங்குல இருந்து எடுக்கணும். வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பாக்குற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல வந்த பிறகு புது நோயாளிகள் வீடு வீடாத் தெரிய வந்தாவ. நல்ல விஷயம். ஆனா நோயாளி கூடுற வேகத்துக்கு வரம்பு கூடலைன்னா மெட்பார்மின் (சுகர் மாத்திரை) கையிருப்பு இழுபறிதான். 30 நாளைக்குக் குடுக்கவேண்டியதை 10 நாளைக்குக் குடுப்பாவ. கூலி வேலையை விட்டுட்டு மூணு தடவை யாரு வருவா? பாதியில விட்டுட்டு, கடைசியில பக்கவாதத்தோட வருவாவ. அப்பத்தான் அந்த 5 லட்சம் அட்டைக்கு வேலை.

நெஞ்சுவலியையும் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஈ.சி.ஜி. எடுத்து ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8, ஆக 14 மாத்திரை குடுத்து 108-ல ஏத்த 2023-ல இருந்து ஏற்பாடு இருக்கு. எத்தனை மணிக்குக் குடுத்தோம்னு சீட்டுல எழுதாம அனுப்பினா, அடுத்த ஆஸ்பத்திரியில அதையே மறுபடி குடுப்பாவ, இல்ல யோசிச்சுக்கிட்டு நேரத்தைப் போக்குவாவ. அரசோ தனியாரோ, சீட்டு ஒண்ணா இருக்கணும். பாத்து முடிச்ச பிறகு அது திரும்ப ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரணும்.

சின்ன ஆஸ்பத்திரி:
தனியார் பக்கத்தையும் எழுதுங்க. 20 படுக்கை நர்சிங் ஹோமுக்குக் காப்பீட்டுல இருந்து வரவேண்டிய க்ளெய்ம் பணம் மாசக்கணக்குல நின்னா நர்ஸுக்குச் சம்பளம் எங்க இருந்து குடுக்க? ஸ்டென்ட் (உடம்புக்குள்ள வைக்கிற சின்னக் குழாய்) ஸ்டிக்கர் ஒட்டலை, ஆபரேஷனுக்குப் பிந்தின படம் இல்லைன்னு பைல் திரும்பும். பெரிய ஆஸ்பத்திரி அதுக்குத் தனி ஆள் வச்சிருக்கும், சின்னவங்க திட்டத்தை விட்டே வெளியேறிருவாவ. பொறவு தாலுகாவுல தனியாரே இருக்காது, எல்லாம் டவுனுக்குத்தான் ஓடணும். குறிப்பிட்ட நாளுக்குள்ள பணம் வரலைன்னா வட்டியோட குடுக்கணும். ரேட்டையும் விலைவாசிக்குத் தக்க வருஷா வருஷம் பாக்கணும்.

நாங்குநேரிக்காரன்:
ரொம்ப நன்றி. இதுல கிராம சபை கேட்டு நடக்கக்கூடியது எது?

சேரன்மாதேவி பொதுசுகாதாரம்:
ரேட்டு, வட்டி எல்லாம் சென்னையில முடிவாகுறது, கோரிக்கையா எழுதுங்க. உள்ளூர்ல நடக்கிறதைத் தனித் தீர்மானமாப் போடுங்க. மெட்பார்மின், அம்லோடிபின் (பிரஷர் மாத்திரை), இன்சுலின் கையிருப்பை மாசம் முதல் வாரம் போர்டுல எழுதணும். மாத்திரை 30 நாளைக்குக் குறையாமக் குடுக்கணும். துணை நிலையத்துல நர்ஸ் இடம் காலியா இருந்தா எந்த மாசத்துல இருந்துன்னு குறிப்பிடுங்க. அட்டை இல்லாத வீட்டுப் பட்டியல் எடுங்க. புது மருமகள், பிள்ளைங்க பேரு ரேஷன் கார்டுல ஏறாமத்தான் பல பேருக்கு அட்டை நிக்கும். வருமானச் சான்றும் ரேஷன் திருத்தமும் ஒரே நாள்ல முடியுற மாதிரி முகாம் கேளுங்க.

மனு போற இடம் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையம்னா மாவட்ட சுகாதார அலுவலர், தாலுகா ஆஸ்பத்திரின்னா மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், ஹைகிரவுண்டுன்னா டீன். மூணும் மூணு இயக்ககம். ஒண்ணுக்குப் போகவேண்டியதை இன்னொண்ணுக்கு அனுப்பினா அங்கயே கிடந்துரும். தீர்மான எண் போட்ட நகல் ஒண்ணு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வச்சுக்கிடுங்க.