வற்றாத சொம்பு: துளை அளவு சொல்லுங்களேன்

மேஜிக் தெரிஞ்ச அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். மேஜிக் நிபுணர் பி.சி.சர்க்கார் நிகழ்ச்சி நடுவில் அடிக்கடி சொம்பைக் கவிழ்த்து, காலியான சொம்புல மறுபடி மறுபடி தண்ணி வர்ற ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ காட்டுவாரே, அதை அக்கா மகன் பிறந்தநாளுக்குச் செய்ய ஆசை. மேஜிக் கடைச் சொம்பு வேண்டாம். பார்த்ததுமே பொடிசுங்க “இதுல ஏதோ இருக்கு”ன்னு கத்திடும். வீட்டில் புழங்குற எவர்சில்வர் சொம்பாகவே தெரியணும்.

அதனால் சொம்புக்குள் ஒரு டம்ளரை இறக்கி, வாயோரம் பட்டறையில் பற்றவைத்து வாங்கினேன். டம்ளர் அடியில் 3 மி.மீ. துளை, சொம்பின் கழுத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் 1 மி.மீ. காற்றுத் துளை. அதை மூடிக் கவிழ்த்தால் டம்ளர் தண்ணி மட்டும் கொட்டுது. நிமிர்த்தி விரலை எடுத்தால் சுற்றியிருக்கும் தண்ணி உள்ளே ஏறணும். ஏறுது, ஆனா ஆமை வேகம்! மேல் துளையில் ஒரு சொட்டு நின்னாலே காற்று போக மாட்டேங்குது, ஊதிவிட வேண்டியிருக்கு. எல்லார் முன்னாடியும் சொம்பை ஊதிட்டு நின்னா எப்படிங்க?

எந்தத் துளையைப் பெருசாக்கணும்? ரெண்டு பக்கமும் மட்டம் சமமானதும் நின்னுடுறதால மூணாவது தடவையே கொஞ்சம்தான் வருது. அஞ்சு தடவை ஊத்த டம்ளர் சின்னதா இருக்கணுமா?

இன்னொண்ணு. டயப்பர் பொடி (டயப்பருக்குள்ள தண்ணியை உறிஞ்சிக் கட்டியாக்குற பொடி) போட்டு தண்ணியை மறைக்கிறது காகிதக் கப்பில் நல்லா நிக்குது, எவர்சில்வர் டம்ளரில் கட்டியோட வழுக்கி விழுது. இதுக்கும் வழி இருந்தா சொல்லுங்க. ரகசியம்னு நினைச்சா இன்பாக்ஸ்ல வாங்க.