புதுப்பிப்பு: அப்பாவின் இரத்த ரிப்போர்ட், நுரையீரல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு

சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையை வைத்து அப்பாவின் ஆயுளைக் கணிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். புற்றுநோய்க் கட்டி இருந்ததால் நுரையீரலின் ஒரு மடலை (ஒரு பகுதியை) எடுத்துவிட்டார்கள். அப்பா உவர்மலை வீட்டுக்கு வந்துவிட்டார், புட்டும் மீன் சொதியும் கேட்டுச் சாப்பிடுகிறார்.

பலர் கேட்ட நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதத்தை (இரண்டும் வெள்ளை இரத்த அணு வகைகள்) சாதாரண இரத்த ரிப்போர்ட்டில் உள்ள எண்களை வைத்தே கணக்கிடலாம். அப்பாவுக்கு நியூட்ரோபில் 72%, லிம்போசைட் 18%; 72ஐ 18ஆல் வகுத்தால் 4. விகிதம் கூடியவர்களுக்குச் சராசரியாக ஆயுள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. கிருமித் தொற்று, ஸ்டீரொயிட் மாத்திரைகூட அதை ஏற்றிவிடும். அப்பா அப்போது முட்டுக்கு (மூச்சிழுப்புக்கு) பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்; டொக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவதும் நல்ல அறிகுறி அல்ல. சிஈஏ (CEA, சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடுமாம். கட்டியை எடுத்த பிறகும் இறங்காமல் நின்றால் கூடுதல் கவலை. அப்பாவுக்கு இறங்கிவிட்டது!

இந்த எண்கள் எல்லாவற்றையும்விட நோயின் நிலையும் நிணநீர்க் கணுக்களில் பரவியதா என்பதும்தான் பெரிது. ஆகவே ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் கூகுளில் தேடி இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள், தயவுசெய்து. பயாப்சி ரிப்போர்ட்டையும் சேர்த்தே டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த சிடி ஸ்கேன் வந்ததும் எழுதுகிறேன்.