விளம்பரமா, பழைய வாடிக்கையாளரா: 15,000 ரூபாயை எங்கே போடுவது?

பனையேறி மகன்:
உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கும் சிறு இணையதளம் வைத்திருக்கிறேன். தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. மாதம் முப்பது, முப்பத்தைந்து ஆர்டர் வருகிறது. பெரும்பாலும் தெரிந்தவர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள். ஒருவர் சராசரியாக இரண்டு கிலோ வாங்குகிறார். காய்ச்சுபவர் கூலி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக ஓர் ஆர்டருக்கு 180 ரூபாய் கையில் நிற்கிறது. இந்தக் கோடைக்கு 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு நிறுவனம் அந்தத் தொகைக்கு ஆயிரம் பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து என் தளத்துக்கு இணைப்பு, வாங்கித் தருகிறோம், கூகுளில் முதல் பக்கம் உறுதி என்கிறது. நண்பர் ஒருவர் முழுவதையும் கூகுள் விளம்பரத்தில் போடச் சொல்கிறார். எது சரி?

பழைய பதிவர்:
முதலில் அந்த நிறுவனத்தின் தொலைபேசியை எடுக்காதீர்கள், தம்பி. முதல் பக்கத்தை யாராலும் உறுதி தர முடியாது. காசு கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுளின் விதிகளுக்கே எதிரானது. 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படி இணைப்பு வாங்கி வளர்ந்த தளங்கள் தேடலில் அடியோடு சரிந்தன. அப்போது என் நண்பர் ஒருவரின் தளம் போனது, பிறகு எழவே இல்லை.

விளம்பரமும் வேண்டாம் என்பேன். கணக்குப் போடுவோம். ஒருவர் விளம்பரத்தைத் தொடும் ஒவ்வொரு முறைக்கும், அதாவது ஒரு கிளிக்குக்கு, 8 ரூபாய் என்று வையுங்கள். நூறு கிளிக்குக்கு 800. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரிப் பதிவு இல்லாத சிறு வியாபாரிக்கு அது திரும்பி வராத காசு. மொத்தம் 944. நூறு பேரில் இருவர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 472 ரூபாய். உங்களுக்கு நிற்பதோ 180. அவர் மூன்றாவது முறை வாங்கும்போதுதான் போட்ட காசு திரும்பும். விளம்பரத்தை நிறுத்திய அன்றே வருகையும் நின்றுவிடும். எழுதி வைத்த பக்கம் அப்படி நிற்காது.

சுங்குடிக்கடை:
கணக்கு சரி. நூற்றுக்கு இருவர் என்று நீங்கள் வைத்துக்கொண்டதைத்தான் ஏற்க மாட்டேன்.

நான் மதுரையிலிருந்து சுங்குடிச் சேலை விற்கிறேன். தொடக்கத்தில் எனக்கும் நூற்றுக்கு இருவர்தான். பிறகு, மக்கள் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து என் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் 'சுங்குடி கட்டுவது எப்படி', 'சுங்குடி வரலாறு' என்று தேடியவர்கள். மாணவர்களாக இருக்கலாம், ஆர்வலர்களாக இருக்கலாம், வாங்க வந்தவர்கள் அல்லர். அந்தச் சொற்களுக்கெல்லாம் விளம்பரம் காட்ட வேண்டாம் என்று தடை போட்டேன். மூன்றே வாரத்தில் நூற்றுக்கு ஐவர் ஆனது. உங்கள் கணக்கிலேயே 944ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள்: 189 ரூபாய். தம்பிக்கு முதல் ஆர்டரில் 9 ரூபாய்தான் கையைக் கடிக்கும். இரண்டாவது ஆர்டர் முழுக்க லாபம்.

கருப்பட்டிக்கு 'நன்மைகள்', 'செய்முறை', 'சுக்குக் காபி' ஆகியவற்றைத் தடுத்துவிட்டு, 'வாங்க', 'ஒரு கிலோ விலை', 'உடன்குடி கருப்பட்டி' ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதே சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஏராளம், அவற்றையும் சேருங்கள். நாளுக்கு 150 ரூபாய்க்கு மேல் போகாதபடி வரம்பு வையுங்கள். கட்டுரை எழுதி, அது தேடலில் ஏறி, ஆள் வருவதற்குள் பதநீர்ப் பருவமே முடிந்துவிடும். கோடையில் விற்க வேண்டிய பொருளுக்கு மறுகோடை வரை காத்திரு என்பது நல்ல ஆலோசனையா, ஐயா?

பழைய பதிவர்:
சேலையும் கருப்பட்டியும் ஒன்றல்ல. சேலையை ஒருவர் படத்தைப் பார்த்தே வாங்குவார். கருப்பட்டி வாங்குபவருக்கு ஒரே கேள்விதான்: இதில் சீனி கலந்திருக்கிறதா? அந்தச் சந்தேகத்தை இரண்டு வரி விளம்பரம் தீர்க்காது. விளம்பரத்தைத் தொட்டு வருபவர் எந்தப் பக்கத்தில் இறங்குகிறார் என்று பாருங்கள். அங்கே விலையும் ஒரு படமும் மட்டும் இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். 8 ரூபாயும் போயிற்று.

தம்பி, உங்கள் ஊரில் பனையேறுபவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து, பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது வரை உங்கள் கைபேசியிலேயே படம் எடுத்து ஒரு பக்கமாகப் போடுங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி ஏன் கசிகிறது, எப்படிக் கெடாமல் வைப்பது என்று இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் ஏன் வைத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதையும் சொல்லுங்கள். ஊரில் இருப்பவரால் மட்டுமே எழுத முடிந்தது இது. இதற்குச் செலவு இல்லை.

வேகக்காரன்:
இவ்வளவு சுற்ற வேண்டாம். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும் கருப்பட்டி' என்று ஒரு தலைப்பு போடுங்கள். பகிர்வு அள்ளும். எத்தனையோ தளங்கள் இதைத்தான் செய்கின்றன.

வாசகி, திருச்சி:
நான் கடை வைத்திருப்பவள் அல்ல, வாங்குபவள். இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமியாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இப்படியொரு தலைப்பைப் படித்துவிட்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டு கருப்பட்டிக் காபியாகக் குடித்தார். மூன்றாம் வாரம் மருத்துவமனையில் சேர்த்தோம். கருப்பட்டியும் இனிப்புதான், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உங்கள் பகிர்வுக் கணக்குக்கு எங்கள் வீட்டில் ஒருவர் விலை கொடுத்தார்.

பழைய பதிவர்:
அம்மா சொன்னதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனாலும் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சுங்குடிக்கடை:
இதில் நானும் ஐயாவும் ஒரே கட்சி.

வாசகி அம்மா, நீங்கள் வாங்குபவர் என்பதால் கேட்கிறேன். தெரியாத ஒரு தளத்தில் முதல்முறை வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?

வாசகி, திருச்சி:
தொலைபேசி எண் இருக்கிறதா, கூப்பிட்டால் எடுக்கிறார்களா என்று பார்ப்பேன். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். கூரியர் செலவைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக் காட்டினால் அங்கேயே மூடிவிடுவேன், அது ஏமாற்றுவதுபோல இருக்கிறது. இன்னொன்று: ஒரு தளத்தில் பனங்கற்கண்டு வாங்கினேன், நன்றாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி வாங்க நினைத்தபோது தளத்தின் பெயர் மறந்துவிட்டது. அவர்களும் ஒரு செய்திகூட அனுப்பவில்லை. வேறு இடத்தில் வாங்கினேன்.

பனையேறி மகன்:
அம்மா, கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இதுவரை வாங்கிய நானூற்றுச் சொச்சம் பேரின் எண்களும் ஆர்டர் நோட்டில் அப்படியே கிடக்கின்றன. ஒருவருக்குக்கூட நான் திரும்ப எழுதியதில்லை.

பழைய பதிவர்:
அதுதான் உங்கள் மூலதனம். விளம்பரமா எழுத்தா என்று நாங்கள் அடித்துக்கொள்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நானூறு பேரில் நாற்பது பேர் திரும்பி வந்தாலே 7,200 ரூபாய், பிடிக்கும் செலவு இல்லாமல்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான். அவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்திருந்தால் மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்: 'புதுக் கருப்பட்டி வந்ததும் சொல்கிறோம், இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.' பழையவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்பவரை அன்றே நீக்கிவிடுங்கள். வாரந்தோறும் காலை வணக்கம் அனுப்பினால் எல்லோரும் தடுத்துவிடுவார்கள். பருவத்துக்கு மூன்று, நான்கு செய்தி போதும்.

சுங்குடிக்கடை:
பட்டியலை நான் மறுக்கவில்லை. ஆனால் நானூறு பேர் நானூறாகவே இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் போகும். ஊர் மாறுவார்கள், எண் மாறும். புதியவர் எங்கிருந்து வருவார்? அதற்கு இன்றைக்கு வேகமான வழி விளம்பரம்தான். இதில் நான் மாறவில்லை.

பழைய பதிவர்:
நானும் மாறவில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் தேடலில் தெரிகிறது என்று அது காட்டும். காசு கொடுத்துக் கற்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள் என்கிறேன்.

சுங்குடிக்கடை:
தெரியாத தளத்துக்கு அது என்ன காட்டும், ஐயா? பத்துச் சொல் காட்டும். அதில் எட்டு அவருடைய கடைப் பெயராகவே இருக்கும்.

பனையேறி மகன்:
இப்போதுதான் திறந்து பார்த்தேன். பதினொரு சொல் இருக்கிறது. ஏழு என் கடைப் பெயர். அண்ணன் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் மீதி நான்கில் ஒன்று 'சீனி கலக்காத கருப்பட்டி'. அப்படி ஒரு பக்கமே என் தளத்தில் இல்லை.

நாளைக் காலை அப்பாவுடன் பனை விளைக்குப் போய்ப் படம் எடுக்கிறேன். அந்தப் பக்கத்தை இந்த வாரமே எழுதிவிடுவேன். துண்டுச்சீட்டு அச்சடிக்க 600 ரூபாய் கேட்கிறார்கள். பக்கம் தயாரானதும் அதற்கு மட்டும், அண்ணன் சொன்னபடி தடைச் சொற்கள் போட்டு, நாளுக்கு 150 ரூபாய் வீதம் இருபது நாள் விளம்பரம் ஓட்டிப் பார்க்கிறேன். வரியோடு 3,540 ரூபாய் ஆகும். மீதிப் பணத்தைத் தொடப் போவதில்லை. நூற்றுக்கு இருவரா ஐவரா என்று இருபத்தோராம் நாள் இங்கேயே வந்து எழுதுகிறேன்.

வாசகி, திருச்சி:
கூரியர் செலவை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், தம்பி. எனக்கு இரண்டு கிலோ வேண்டும்.