மறு: வீல் ஸ்பேசருக்குத் தமிழ்ச்சொல் – ‘இடைவில்லை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரத்து மடல்களை இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். பழைய கார் பழுதுபார்ப்புச் சொற்பட்டியலில் ‘ஸ்பேசர்’ எதிரே (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த, அதற்கும் டிரம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டையான உலோக வளையம்) மூன்று சொற்கள் நிற்கின்றன: இடைவெளியாக்கி, இடைத்தகடு, சும்மாடு. முதல் சொல்லுக்காக ஒருவர் எழுதியது:

> ஸ்பேஸ் என்றால் இடைவெளி. ஆகவே ஸ்பேசர் இடைவெளியாக்கி. இதில் குழப்பமே இல்லை.

குழப்பமே இங்கேதான் இருக்கிறது, ஐயா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்பா வாங்கியது. வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ என்ற கட்டைகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். முன்பக்கத்து இரும்பு டிரம்களை லேத்தில் கடைந்து கடைந்து, இனிமேல் கடைய இரும்பு இல்லை என்ற நிலை. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அலுமினிய டிரம் ஒரு ஜோடி கொண்டுவந்தார். பழசுதான், ஆனால் நல்ல சரக்கு. வெளியே அலுமினியம், சூடு ஆற வரிவரியாகத் துடுப்புகள். ஷூ உரசும் உட்புறத்தில் மட்டும் வார்ப்பிரும்பு வளையம். மாட்டிப் பார்த்தால் துடுப்பு ரிம்மில் இடிக்கிறது.

“12 மில்லிமீட்டர் பேக்கிங் குடுத்தா முடிஞ்சுது சார்” என்றார் மெக்கானிக். (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்.) அவர் பேக்கிங் என்றது ஸ்பேசரைத்தான். கொடுத்தார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்து நட்டைக் கையாலேயே திருக முடிந்தது.

தப்பு இரண்டு இடத்தில். ஸ்பேசர் வந்தும் ஸ்டட் (சக்கரத்தை மாட்டி நட்டுப் போடும் மரையாணி) பழைய நீளத்திலேயே இருந்தது. என் வண்டியின் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஸ்டட்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அதாவது நட்டு குறைந்தது 9 சுற்று ஏற வேண்டும். எனக்கு ஏறியது நாலு. அடுத்தது, டிரம் முகத்திலிருந்த பழைய பெயின்ட்டை யாரும் சுரண்டவில்லை. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கியது, இறுக்கம் போனது.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் நட்டின் இறுக்கத்தால் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அந்தக் கவ்வலில் பிறக்கும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. ஸ்டட்டுக்கு இழுபடுகிற வேலை மட்டும். நடுவில் ஒரு தாள் அளவு இடைவெளி விழுந்தாலும் ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் முறியும்.

ஆகவே, எந்த இடத்தில் இடைவெளி துளியும் கூடாதோ அந்த இடத்தில் உட்காரும் பொருளுக்கு ‘இடைவெளியாக்கி’ என்று பெயர் வைப்பது ஆபத்து. அது ரிம்முக்கும் துடுப்புக்கும் நடுவே வேண்டுமானால் இடம் உண்டாக்குகிறது. தான் இருக்கும் இடத்தில் இடத்தை அடைக்கிறது.

‘சும்மாடு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். காசிமேட்டில் மீன்கூடைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்திருக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வளையம், சுமைக்கும் தலைக்கும் நடுவில் இருப்பது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சும்மாட்டின் குணமே நெகிழ்ந்து கொடுப்பது. இங்கே நெகிழ்ந்தால் கதை முடிந்தது. இன்ஜின் மவுன்டிங் ரப்பருக்கு அதை எடுத்து வைத்துக்கொள்வோம், வீணாக்க மனமில்லை.

என் பரிந்துரை: இடைவில்லை. கற்பூர வில்லை, டவாலி வில்லை என்று தட்டையான வட்டத்துக்கு வில்லை நம்மிடம் புழங்கும் சொல். இடையில் வைக்கும் வில்லை, இடைவில்லை. இன்னொரு விதமாகவும் பிரித்துப் பாருங்கள்: இடைவு + இல்லை. இடைவு என்றால் இடைவெளி. பொருத்தும் விதியே பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது.

வகைகளுக்கும் இதிலிருந்தே பெயர் வைக்கலாம். ஸ்டட்டில் சும்மா கோத்துவிடுவது வெற்று இடைவில்லை. தனக்கே ஸ்டட் உள்ளது ஆணி இடைவில்லை; இதில் வில்லையை டிரம்மோடு இறுக்கும் உள்நட்டுகள் மறைய ஆழம் வேண்டும் என்பதால் பொதுவாக 20 மி.மீ.க்குக் குறைந்து வராது. ஹப்பின் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) விளிம்பைக் கவ்வி நடுவம் தவறாமல் உட்காருவது குடம்பிடி இடைவில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஹப்புக்குக் குடம் என்றுதானே பெயர்?

ராயபுரத்திலிருந்து

---

தம்பிக்கு வணக்கம். எண்ணூர்ப் பக்கம் வார்ப்படப் பட்டறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஓரிரண்டு சொல்.

‘வில்லை’ என்றதும் எனக்கு மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது, 25 மி.மீ. உருப்படிக்கு அது பூஞ்சையாக இல்லையா? ‘இடைவு இல்லை’ விளக்கத்துக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் பட்டியலில் பிரேக் டிரம்முக்குத் ‘தடுப்பு முரசு’ என்று போட்டிருப்பதை விடமாட்டேன். முரசை வெளியிலிருந்து அடிக்க வேண்டும். இதில் ஷூ உள்ளே விரிந்து சுவரை உரசுகிறது. அடிப்பாகம் உண்டு, சுவர் உண்டு, மேல்வாய் திறந்திருக்கிறது, உள்ளே சூடாகிறது. அப்படிப்பட்டதற்கு நம் வீட்டில் என்ன பெயர்? சட்டி! பிரேக் சட்டி என்று போடுங்கள்.

பொருளையும் குறிப்பில் சேருங்கள். டிரம்முக்குச் சாம்பல் வார்ப்பிரும்பு பிடித்ததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. அதற்குள் கிராஃபைட் மீன்செதில் மாதிரி பரவிக் கிடக்கிறது. சூட்டைக் கடத்துவது அந்தச் செதில்தான், அதிர்வை விழுங்கிச் சத்தத்தை அடக்குவதும் அதுதான். அதே கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும் வார்ப்பிரும்பு அதிக வலு, ஆனால் சூட்டைக் கடத்துவதில் பின்தங்கும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டைக் கடத்தும், எடையும் குறைவு. ஆனால் உரசலுக்குத் தாங்காது, அதனால்தான் உங்கள் டிரம்மில் இரும்பு வளையம். அது வெறுமனே செருகிய வளையமாக இருந்தால் ஆபத்து: சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், பிடி விட்டுவிடும். இரண்டும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டியிருக்க வேண்டும். சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் பெரும்பாலும் சரி.

ஒரு எச்சரிக்கை. பின்சக்கரத்தில் இரும்பு டிரம் இருக்கிறதே, அதன்மேல் அலுமினிய ஸ்பேசர் வைத்து நம் கடற்கரையில் நிறுத்தினால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அங்கேயும் ‘இடைவு இல்லை’தான், ஆனால் கழற்றுவதற்குள் உயிர் போகும்!

---

ஐயா, சுண்டிப் பார்த்தேன். கணீர்.

‘பிரேக் சட்டி’க்கு என் முழு ஓட்டு. முரசை நீக்கிவிடுங்கள்.

நேற்று நீளமான ஸ்டட் அடிக்க வியாசர்பாடி லேத் பட்டறைக்குப் போனேன். பேச்சுவாக்கில் “இதுக்கு இடைவில்லைன்னு பேர் வெச்சிருக்கோம்” என்றேன். கடைசல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“இன்னா இல்ல?”

“இடைவு. கேப்பு.”

“அப்ப பெயின்ட்ட சுத்தமா சொரண்டிட்டு வான்றியா?”

சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்து அவரே தேய்க்க ஆரம்பித்துவிட்டார். வேறு மாற்றுக்கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.