சைக்கிள் தரிப்பிடத்தில் இருக்கும் இடத்தை முழுமையாகப் பயன்படுத்துதல்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

திருநெல்வேலி, தனியார் கல்வி நிலையமொன்றில் பணியாற்றுபவர்

எங்கள் கல்வி நிலையத்தின் சைக்கிள் கொட்டகை 30 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. அதன் ஒரு நீளப் பக்கத்தில் மதிலும் மறுபக்கத்தில் வகுப்பறை விறாந்தையும் உள்ளன. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, அதுவரை பெற்றோரின் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய பிள்ளைகளும் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அவர்களில் பலர் அந்தப் பழக்கத்தைக் கைவிடாதது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. கொட்டகையோ அதே அளவில்தான் இருந்தது. மதிலோரம் ஒரு வரிசை நிரம்பியதும், அதற்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த நடைபாதையில் இரண்டாவது வரிசையைப் பிள்ளைகள் நிறுத்தினார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுகையில், உள்ளே நிற்கும் வண்டியை எடுப்பதற்கு வெளியே நிற்கும் இரண்டு மூன்று வண்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. ஹாண்டிலோடு ஹாண்டில் கொளுவிக்கொள்ளும், ஒன்றை இழுத்தால் மற்றது சரியும், மட்காட் நெளியும், பிரேக் கம்பி அறுந்துபோகும்.

அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்ததில் ஓர் உண்மை தெளிவாகியது. சாதாரண சைக்கிளொன்றின் நீளம் ஏறக்குறைய 6 அடி. ஹாண்டிலின் அகலம் ஏறக்குறைய 2 அடி. ஆனால் பின்பக்கத்தில், கரியர் இருக்கும் இடத்தில், அதே வண்டி அரை அடி அகலம்கூடப் பிடிப்பதில்லை. ஆகவே அருகருகே நிறுத்தும்போது ஒவ்வொரு வண்டிக்கும் 2 அடி தேவைப்படுவது ஹாண்டில்கள் எல்லாம் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில் வந்து நிற்பதால்தான். அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டால் வண்டிகளை நெருக்கமாக நிறுத்தலாம்.

முதலில், ஒரு வண்டி மதிலைப் பார்த்தும் அடுத்தது விறாந்தையைப் பார்த்தும் மாறிமாறி நிற்கும்படி செய்தோம். ஒன்றின் ஹாண்டிலுக்குப் பக்கத்தில் மற்றதன் கரியர் வருவதால், ஒரு வண்டிக்கு ஒன்றரை அடி போதும் என்ற நிலை ஏற்பட்டது. 15 வண்டிகள் நின்ற சுவரோரத்தில் 20 வண்டிகள் நின்றன. ஆயினும் இம்முறை இரட்டை ஸ்ராண்ட் பூட்டிய வண்டிகளுக்கே பொருந்துகிறது. பக்க ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிள் தன் இடது புறமாகச் சரிந்தே நிற்கும். அடுத்தடுத்த வண்டிகள் எதிரெதிர்த் திசைகளைப் பார்த்தால், ஒரு சோடி ஒன்றையொன்று நோக்கிச் சரியும். அடுத்த சோடி ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சரியும். நோக்கிச் சரியும் இடத்தில் மீண்டும் கொளுவல்தான். பிள்ளைகளின் புதிய சைக்கிள்களில் பெரும்பாலானவை பக்க ஸ்ராண்ட் உடையவை என்பதால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வழி உயரத்தை மாற்றுவதாகும். எல்லா வண்டிகளும் மதிலையே பார்த்து நிற்க, ஒன்றுவிட்ட ஒரு வண்டியின் முன்சில்லு மட்டும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்கும்படி அமைத்தோம். பழைய வீடொன்றின் கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகைகள் கிடைத்தன. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ரயர் உள்ளே செல்லும் அளவுக்கு இடையில் வெளி விட்டு, மதில் பக்க நுனியைச் சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றிச் சாய்தளமாக வைத்தோம். பக்கத்து ஹாண்டில்கள் இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக அமைவதால், 15 அங்குல இடைவெளியே போதுமாயிற்று. அதே 30 அடிக்குள் 24 வண்டிகள். அதுவும் ஒரே வரிசையில்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்சில்லை மட்டும் கௌவிப் பிடிக்கும் தாங்கிகளை நம்பி வண்டியை விட்டுவிடக் கூடாது. வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும்போது அதன் முழுப் பாரமும் சில்லில் இறங்குவதால் றிம் கோணிவிடும். எங்கள் சிலாகைகள் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு மட்டுமே. தாங்குவது ஸ்ராண்டின் வேலை. இந்த விதியைப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். உயர்ந்த இடங்களை உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும், தாழ்ந்த இடங்களைத் தரம் ஆறு, ஏழில் படிக்கும் சிறுவர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

மிகுதி 6 அடி அகலம் நடைபாதையாக வெறுமையாகவே இருக்கிறது. "அந்த இடத்தில் இன்னொரு வரிசை நிறுத்தலாமே" என்று கேட்காத பெற்றோர் குறைவு. வண்டியைத் திருப்புவதற்கு இடமில்லாத தரிப்பிடத்தில் எத்தனை வண்டிகள் நின்றாலும், அவற்றில் முன்வரிசை மட்டுமே பயன்படக்கூடியது என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை.

நல்லூர், திருவிழாக் காலத்தில் வளவில் வண்டிகளைப் பாதுகாப்பவர்

ஐயா எழுதியது முழுவதும் ஆண்டு முழுக்க ஒரே பிள்ளைகள் வந்துபோகும் இடத்துக்கு மிகப் பொருத்தமானது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவத்தின் 25 நாள்களும் எங்கள் வீட்டு வளவில் சைக்கிள்களை நிறுத்தக் கொடுக்கிறோம். அப்பா காலத்திலிருந்தே இது நடந்து வருகிறது. எங்களிடம் வருவோர் அன்றாடம் மாறுபவர்கள். ஆகவே தாங்கி, சிலாகை எதுவும் எங்களுக்குச் சரிவராது. திருவிழா முடிந்ததும் வளவு பழையபடி முற்றமாக வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் இடத்தை மிச்சப்படுத்துவது வண்டி எப்போது வெளியே போகும் என்பதைக் கேட்டறிவதே. படலையடியில் துண்டு எழுதும்போதே, "பூசை முடிந்ததும் வருவீர்களா, சுவாமி உள்ளே போகும்வரை நிற்பீர்களா?" என்று கேட்டுவிடுவோம். கூடுதல் நேரம் நிற்பவர்களுடைய வண்டிகள் வேலியோரம் உள்வரிசைக்குப் போகும். சீக்கிரம் திரும்புவோருடையவை படலைக்கு அண்மையில் நிற்கும். இப்படிச் செய்வதால் உள்ளே இரண்டு வரிசைகளை நடைபாதையின்றி அடுத்தடுத்து நிறுத்தினாலும் இடைஞ்சல் ஏற்படுவதில்லை. ஒரே குடும்பமாக வருவோரின் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தலாம், அவர்கள் ஒன்றாகவே திரும்புவார்கள் என்பதால். ஐயா சொன்ன நடைபாதை விதிக்கு இது மாறானதாகத் தோன்றலாம். ஆனால் வண்டியை எடுத்துக் கொடுக்க எங்கள் ஆட்கள் எப்போதும் நிற்கிறார்கள். ஆள் நிற்காத இடத்தில் இதைச் செய்ய முயல வேண்டாம்.

துண்டின் ஒரு பாதியை ஹாண்டிலில் கட்டி, மறுபாதியை உரியவரிடம் கொடுக்கிறோம். இலக்கங்களை வரும் ஒழுங்கில் கொடுக்காமல், நிற்கும் வரிசைக்கேற்பக் கொடுப்பது மிக முக்கியம். துண்டைப் பார்த்தவுடன் வண்டி எந்த மூலையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 24ஆம் நாள் தேரன்று இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் வளவே அல்லோலகல்லோலப்படும்.

பரமேஸ்வராச் சந்திக்கு அண்மையில் வாடகை வீட்டில் வசிக்கும் பட்டதாரி மாணவி

நாங்கள் பெண் பிள்ளைகள் சிலர் சேர்ந்து வசிக்கும் வீட்டில் தரிப்பிடம் என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் 8 அடி அகலமான ஓர் ஓடை இருக்கிறது. அதன் வழியாகத்தான் கிணற்றடிக்கும் போக வேண்டும். நேராக நிறுத்தினால் எஞ்சுவது 2 அடி. குடத்தோடு நடக்க முடியாது. எனவே மதிலுக்கு 45 பாகை சரிவாக நிறுத்துகிறோம். வண்டி பிடிக்கும் ஆழம் ஐந்தடிக்குள் அடங்கிவிடுகிறது. நடப்பதற்கு மூன்றடிக்கு மேல் கிடைக்கிறது.

சரித்து நிறுத்தினால் அதிக வண்டிகள் கொள்ளும் என்று எங்கள் வீட்டிலேயே சிலர் நம்பியிருந்தார்கள். அப்படியில்லை. வண்டிகளுக்கு இடையிலான நெருக்கம் மாறாதிருக்கும்போது, மதிலோரமாக ஒவ்வொரு வண்டிக்கும் தேவைப்படும் நீளம் ஏறக்குறைய 40 வீதம் கூடுகிறது. நீளம் தாராளமாகவும் அகலம் குறைவாகவும் இருக்கும் எங்கள் ஓடை போன்ற இடத்துக்கே சரிவு நன்மை தரும். ஐயாவின் கொட்டகையில் அது நட்டமாகவே முடியும்.

சுவரில் கொக்கி அடித்து வண்டிகளைச் செங்குத்தாகத் தொங்கவிடும் யோசனையும் வந்தது. பழைய ரலி, லுமாலா வண்டிகள் 20 கிலோவுக்கு அண்மித்த பாரம் கொண்டவை. விரிவுரை முடிந்து களைத்து வருபவர் நாள்தோறும் அதைத் தலைக்கு மேல் தூக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உண்மையில் எங்களுக்கு அதிக இடம் கிடைத்தது வேறொரு வகையில். படிப்பு முடித்துப் போன அக்காமார் விட்டுச்சென்ற, காற்றுப் போன சைக்கிள்கள் ஓடையின் நல்ல பகுதியை அடைத்துக்கொண்டிருந்தன. எல்லா வண்டிகளின் பின்சில்லிலும் பிரேக் கட்டைக்கு அருகே ஒரு துண்டு நூலைக் கட்டிவிட்டு, வண்டி எடுப்பவர் அதை அறுத்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தோம். ஒரு மாதம் கழித்தும் நூல் அறாதிருந்தவற்றின் உரியவர்களை வீட்டு உரிமையாளர் அம்மா மூலமாகத் தொடர்புகொண்டு, அவர்களது சம்மதத்துடன் தேவைப்பட்ட மாணவிகளுக்குக் கொடுத்தோம். இதைச் செய்யாமல் வரிசையைப் பற்றி ஆலோசிப்பதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

நெதர்லாந்தில் வசிக்கும் கோண்டாவில் வாசி

இங்கே உட்ரெக்ட் மத்திய ரயில் நிலையச் சதுக்கத்தின் கீழுள்ள சைக்கிள் தரிப்பிடத்தில் 12,500 வண்டிகள் நிற்கலாம். 2019ஆம் ஆண்டு அது முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கே இரண்டு தட்டுகளாக வண்டிகளை நிறுத்துகிறார்கள். மேல்தட்டின் தாங்கியை வெளியே இழுத்துக் கீழே சாய்த்து வண்டியை ஏற்ற வேண்டும். எந்தப் பகுதியில் இடம் வெறுமையாக இருக்கிறது என்பதை மின்பலகைகள் காட்டுகின்றன. முதல் 24 மணி நேரம் இலவசம் என்பதும், அதற்குப் பின்னர் கட்டணம் என்பதும், தங்கை எழுதிய கைவிடப்பட்ட வண்டிகளின் சிக்கலைப் பெருமளவு குறைக்கின்றன. ஐயா பனஞ்சிலாகையில் செய்த உயரம் தாழ்வு மாற்றும் முறை இங்கேயும் வழக்கத்தில் உள்ளதே. ஒரே மட்டத்தில் நிற்கும் வண்டிகளுக்கு 65 சென்ரிமீற்றர் இடைவெளி கேட்கும் தரநிர்ணயம், மாறிமாறி உயர்ந்து தாழும் தாங்கிகளுக்கு 40 சென்ரிமீற்றருக்கும் குறைவான இடைவெளியை ஏற்றுக்கொள்கிறது.

திருநெல்வேலி, கல்வி நிலையப் பணியாளர்

நூல் கட்டும் முறையை அடுத்த விடுமுறையில் செய்து பார்க்கப்போகிறோம். எங்கள் கொட்டகையின் மூலையிலும் உரிமை கோரப்படாத வண்டிகள் நிற்கின்றன. இரட்டைத் தட்டுத் தாங்கிக்கு வண்டியை ஏற்றி இறக்கும் உயரம் வேண்டும். எங்கள் தகரக் கூரை மதில் பக்கம் தாழ்ந்து ஏழடியில் நிற்பதால் அது எங்களுக்கு ஆகாது. நல்லூர் ஐயாவின் யோசனையை மாலை வகுப்புகளுக்குப் பயன்படுத்தலாம்: முதலில் முடியும் வகுப்பின் பிள்ளைகளை வாசல் பக்கமும், கடைசியாக முடியும் வகுப்பினரைக் கோடிப் பக்கமும் நிறுத்தச் சொன்னால், வகுப்பு நடக்கையில் வண்டி எடுக்கும் சத்தமும் குறையும். சிலாகைகளின் நுனியில் வகுப்புவாரியாக நிறம் பூசுவதற்கு உயர்தர மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.