ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

செங்காங் அம்மா:
வணக்கம். என் மகளின் செங்காது ஆமைக்கு ஒன்பது வயது. காய்ந்த இறாலைக் கண்டால் கண்ணாடியில் முட்டிக்கொண்டு வரும். நான்கு நாளாகக் கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை. நேற்றிரவிலிருந்து இடப்பக்கம் தாழ்ந்து, வலப்பக்கம் தூக்கி மிதக்கிறது. முங்கப் பார்க்கிறது, முடியவில்லை. மூக்கு நுனியில் சிறு குமிழி ஒன்று வந்து வந்து உடைகிறது. வாங்கிய கடையில் கேட்டேன். சளிதான், தண்ணீரில் உப்புப் போட்டால் போதும் என்றார்கள். மகளுக்கு இந்த வாரம் தேர்வு. சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

மீன்தொட்டி:
என் மீன்களுக்கு உப்பு நன்றாகவே கேட்டது. இரண்டு நாள் பார்க்கலாமே, சகோதரி.

ஈசூன் அக்கா:
பொறுக்க வேண்டாம் அம்மா, இன்றே கிளம்புங்கள். உப்பு மீனுக்குச் சரி. உங்கள் ஆமைக்கு நோய் தோலில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு நுரையீரலில் நீர் கட்டினால் அந்தப் பக்கம் கனத்துத் தாழும். குமிழியும் பட்டினியும் சேர்ந்தால் நிமோனியாவை நினைத்தே ஆக வேண்டும். ஊர்வனவற்றுக்கு நம்மைப் போல உதரவிதானம் (மூச்சை இயக்கும் தசைத் திரை) இல்லை, சளியை இருமித் தள்ள முடியாது. நோயையும் கடைசிவரை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நாள் கடந்திருக்கும். தண்ணீரின் வெப்பநிலை என்ன? தொட்டி எங்கே இருக்கிறது?

செங்காங் அம்மா:
இப்போதுதான் அளந்தேன், 22 டிகிரி. தொட்டி மகளின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில். இரவு முழுக்க ஏர்கான் ஓடும். ஹீட்டர் பழுதாகி ஒரு மாதம் ஆகிறது. சிங்கப்பூர் வெயிலுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஈசூன் அக்கா:
நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. வெளியே 32 டிகிரி, அறைக்குள் குளிர்காலம். உடல் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பு மந்தமாகிவிடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. முதலில் ஏர்கானை நிறுத்துங்கள். கண் இமை வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் இறாலிலேயே வளர்ந்தால் வைட்டமின் ஏ குறையும், அது சுவாச நோய்க்கு வழி திறக்கும்.

கொண்டுபோகும்போது தண்ணீரில் வைக்காதீர்கள், சோர்ந்த ஆமை மூழ்கிவிடும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் ஈரத்துண்டு விரித்துப் போதும். எல்லா விலங்கு மருந்தகங்களும் ஆமையைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் "ஊர்வன பார்ப்பீர்களா, எக்ஸ்ரே உண்டா" என்று முதலில் கேளுங்கள். உரிமம் பெற்ற மருந்தகங்களின் பட்டியல் விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் இருக்கிறது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆமைகளிடம் சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி இருக்கலாம்.

பெர்த் பழையவர்:
சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்தபோது மலைப்பாம்பு ஒன்று வளர்த்தேன். அது தலையை அண்ணாந்து வாயைத் திறந்தபடி கிடந்தது. வாயோரத்தில் நூல் நூலாகச் சளி. தோல் உரிக்கப் போகிறது, அதனால்தான் தின்னவில்லை என்று பத்து நாள் காத்திருந்தேன். மருத்துவரிடம் போனபின் இரண்டு நாள்கூட அது தாங்கவில்லை. இன்றே போங்கள், தங்கச்சி.

செங்காங் அம்மா:
மதியமே அழைத்துப் போனேன். மூன்றாவதாக அழைத்த மருந்தகத்தில்தான் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் வெண்மையாகத் தெரிந்தது. நிமோனியாதான். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி, முன்காலில் போடுகிறார்கள். பின்காலில் போட்டால் மருந்து உடலில் பரவுவதற்குள் சிறுநீரகத்துக்குப் போகக்கூடுமாம். புது ஹீட்டர் வாங்கித் தண்ணீரை 28 டிகிரிக்கு ஏற்றிவிட்டேன். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றியதால் மகளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். இன்னும் தின்னவில்லை. எத்தனை நாள் இப்படி இருக்கலாம்?

ஈசூன் அக்கா:
என் ஆமை மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் தின்ன ஆரம்பித்தது. நீங்களாக எதையும் ஊட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தண்ணீரைத் தாழ்வாக வையுங்கள், நின்றபடியே தலையை வெளியே நீட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காமல் இரவானாலும் அழையுங்கள்.