சொவெட்டோவை முழு நாள் சுற்றிக்காட்டும் வழிகாட்டி தேவை

ஜூன் மூன்றாம் வாரத்தில், எழுபது வயதைக் கடந்த என் தந்தையுடன் ஜோகன்னஸ்பர்க் செல்கிறேன். அந்நகரில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் பகுதியான சொவெட்டோவுக்கென ஒரு முழு நாளை ஒதுக்கியும், அதற்கேற்ற வழிகாட்டி இன்னும் அமையவில்லை.

தங்கும் விடுதி மூலம் கிடைத்த அரைநாள் பயணம், விலகாசி தெருவிலுள்ள மண்டேலாவின் பழைய வீட்டையும் அருகிலிருக்கும், 1976 மாணவர் எழுச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் நினைவிடத்தையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. மிதிவண்டிச் சுற்றுலா இளைஞர்களுக்கு அருமையான ஏற்பாடுதான். மூட்டுவலி உள்ள தந்தைக்கு அது ஆகாது. மின்னஞ்சலில் விசாரித்த நிறுவனங்களும் இதே அரைநாள் திட்டத்தையே அனுப்புகின்றன.

நாங்கள் அவசியம் பார்க்க விரும்புபவை, நிறவெறிக்கு எதிராக அனைவருக்கும் சம உரிமை கோரிய சுதந்திர சாசனம் 1955 ஜூன் 26 அன்று ஏற்கப்பட்ட கிளிப்டவுன் சதுக்கமும், 1976 மாணவர் எழுச்சியின்போது காவல்துறை சுட்ட தோட்டாக்களின் தடங்களை இன்றும் தாங்கி நிற்கும் ரெஜினா முண்டி தேவாலயமும் ஆகும். அந்தச் சாசனத்தை ஏற்ற கிளிப்டவுன் மாநாட்டைக் கூட்டிய அமைப்புகளுள் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸும் ஒன்று என்பதால், தந்தைக்கு அவ்விடத்தின்மேல் தனி ஈடுபாடு. ஜூன் 16 இளைஞர் நாள் விடுமுறை என்பதால், நெரிசலைத் தவிர்க்க 18ஆம் தேதியைத் தேர்ந்துள்ளோம்.

இவ்விரு இடங்களையும் சேர்த்து, நடை குறைவாக, காரிலேயே முழு நாளும் அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டி எவருடனாவது நீங்கள் பயணித்திருந்தால், அவரை எவ்வாறு அணுகுவது என்று தெரிவிக்க இயலுமா?